பத்து நிமிட உரைக்கான குறிப்பு

ரீட் அவெனியூவிலிருந்து கடிதம்:
சர்வதேச உறவுகள் படித்தால் என்ன தொழில் கிடைக்கும்,
இறுதி வருட மாணவருக்குப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.
தேநீர் உண்டு.

என்னத்தைச் சொல்ல?
ஆறரைக்கு வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ்.
கொள்ளுப்பிட்டியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி,
கைபேசியைத் தட்டில் வைத்துவிட்டு
ஏழாம் மாடியில் ஒரு நாட்டுக்குள் நுழைவேன்.
அந்த நாட்டில் குளிர். சால்வை வேண்டும்.
இது எந்தப் பாடநூலிலும் இல்லை.

தமிழ்ப் பத்திரிகை நான்கு.
ஒன்பது மணிக்கு முதல் அவற்றை
இரண்டாம் செயலாளருக்குச் சுருக்க வேண்டும்,
ஒரு செய்திக்கு இரண்டு வரி.
மூன்றாவது வரியை அவர் வாசிப்பதில்லை.

விதுர்ஷியா ஜெனீவா போய்ப் போய் வருகிறாள்,
வரும்போது சொக்லேட்.
இம்தாத் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குக் கடதாசி எழுதுகிறான்.
உலகம் உண்மையில் என்னட்டத்தான்டி வந்திறங்குது என்பான்.
வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் நெத்மினி தேறினாள்,
நான் எட்டுப் புள்ளியில் விட்டேன்.
எட்டு.
அதை மேடையில் சொல்வதா என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.

படித்ததில் கைகொடுத்தது சொற்களின் ஏணி:
கவனத்தில் கொள்கிறோம், வருந்துகிறோம்,
கவலை, ஆழ்ந்த கவலை.
அதற்கு மேலும் படி உண்டு,
கால் வைத்தால் யாரோ தூதுவரைத் திருப்பி அழைக்க வேண்டிவரும்.
வீட்டுச் சண்டையிலும் நான் மூன்றாம் படியோடு நின்றுவிடுவேன்.
அது கவலை என்று தெரியாமலே
அவர் தூங்கிப் போவார்.

போன செவ்வாய், ஐந்தாம் பக்கம், கீழ்மூலை.
வடக்கில் ஒரு கச்சேரி வாசல்.
மங்கல் படம், வெயில், குடைகள்.
இடமிருந்து மூன்றாவது குடை பெரியம்மாவுடையது.
புறக்கோட்டையில் நூறு ரூபாய் குறைத்து
நான்தான் வாங்கி அனுப்பினேன்,
மழைக்கென்று.

எழுதினேன்:
காணாமற்போனோரின் உறவினர் கவனயீர்ப்பு.
ஏறக்குறைய நாற்பது பேர்; அசம்பாவிதம் இல்லை.

பிறகு பேனை முனையால் தலைகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
‘ஏறக்குறைய’வை மாற்றவில்லை.
ஒன்பது ஐந்துக்குப் பதில் வந்தது: நன்றி, மிகத் தெளிவு.

ஆகவே, மாணவர்களே,
தொழில் உண்டு.
சம்பளம் டொலரில் கணக்கிட்டு ரூபாயில் வரும்.
சால்வை கொண்டுவாருங்கள்.
கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்வேன்.
மூன்றாவது வரி வேண்டுமென்றால்
தேநீர் நேரத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.