ஏழின் கால்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கடல் இல்லை.
ஆனாலும் முறிந்த தண்டின் முகத்தில்
அலை விட்டுப்போன கோடுகள்.
லென்ஸை இறக்கி எண்ண ஆரம்பிக்கிறேன்.

இலை உலர்த்தும் அறைக்குச்
சூடு தள்ளிய விசிறியின் தண்டு,
என் மணிக்கட்டைவிடத் தடிமன்.
செவ்வாய் விடியல் மூன்று பத்துக்கு
இரண்டாகிவிட்டது.
விசிறி கூண்டை உடைத்து
தகரச் சுவரைக் கிழித்துப் போய்
வெளியே தேயிலைச் செடிகளின்மேல் உட்கார்ந்திருந்தது.
புஷ்பராணி அப்போதுதான்
சாயத்தண்ணி ஊற்ற எழுந்து போயிருந்தார்.
அவர் மடித்துப்போட்டு உட்காரும் சாக்கை
யாரும் இன்னும் எடுக்கவில்லை.

திடீர்னு உடைஞ்சிருச்சு மேடம் என்றார் மேனேஜர்,
மூன்று தடவை.
இரும்புக்குத் திடீர் தெரியாது.
ஒவ்வொரு கோடும் ஒரு நிறுத்தம்.
இது மின்வெட்டு.
இது பசுந்தேயிலைக்கு விலை கேட்டு
யாரும் இலை கொண்டுவராத வாரம்.
நெருங்கிக் கிடக்கும் இந்தக் கொத்து
மண் சரிந்து குன்னூர் ரோடு மூடிய ஐப்பசி.
ஓட்டம் நின்று தண்டு ஆறும்போது
மயிரிழை வாசலில் மூடுபனி நுழைந்து
ஓர் இரவு தங்கி
துருவால் கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறது.
எல்லாம் இவ்வளவு சரியாகப் பொருந்துமா?
பொருந்தாது.
பாதியை நானே ஊகிக்கிறேன்.

கடைசியில் பிடித்துக்கொண்டிருந்தது
ஒரு ரூபாய் நாணயம் அளவு இரும்பு.
மீதி எப்போதோ கையை விட்டுவிட்டது.
சுருங்கிச் சுருங்கி வந்த அந்த நாணயத்தை நம்பித்தான்
பதினோரு நாள் டீ போயிருக்கிறது ஏலத்துக்கு.

பதினொன்று ஹாலனின் கணக்கு. ஃபிட்டர்.
அவர் நோட்டில், பென்சிலில்,
'சத்தம் மாறியிருக்கு.'
மறுநாள் 'சத்தம்.'
அதற்கப்புறம் தேதி மட்டும்.
சீசன், இலை குவிந்து கிடக்கிறது,
ஞாயிறு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.
ஞாயிறும் வந்தது, இலையும் வந்தது.

பாரம் தாங்கவில்லை என்று
எழுதிவிட்டுக் கிளம்பத்தான் வந்தேன்.
கோடுகள் பின்னால் போகப் போகச் சின்னதாகின்றன,
வளையல், மோதிரம், நகக்கண்,
ஒரு புள்ளி.
மண்ணெண்ணெய்ப் பஞ்சால் துடைத்தேன்.
தண்டு பருமன் மாறும் தோள்வளைவில்
சுத்தியலால் அடித்துப் பதித்த எண்.
17.
விரிசல் புறப்பட்டிருப்பது
ஏழின் கால் நுனியிலிருந்து.

பதினேழு என் எண்.

நான்கு வருஷம் முன்பு
இதே மேஜையில் இதே தண்டுக்குள் ஒலி அனுப்பி
உள்ளே ஒரு குறையும் இல்லையென்று கேட்டுக்கொண்டு
குறையில்லை என்பதற்கு அடையாளமாக
முத்திரை உளியை நிறுத்தி அடித்தேன்.
ஒன்று லேசாக விழுந்தது.
ஏழு நன்றாக இறங்கியது.
நினைவிருக்கிறது,
நேராக விழுந்த அந்த அடியில்
எனக்கொரு சந்தோஷம்.

படிவத்தில் 'மூல காரணம்' என்ற இடத்துக்கு
ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.
எனக்கு அரை வரி போதுமாயிருந்தது.
மேனேஜர் வாசித்தார்,
என்னைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.
ஹாலனின் பதினோரு நாளை
அடுத்த வரியில் எழுதினேன்.
அதை அவர் மறுபடி வாசிக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து புதுத் தண்டு
எண்ணெய்க் காகிதம் சுற்றி ஜீப்பில் வந்தது.
சோதித்தேன். நன்றாயிருந்தது.
'நம்பர் போடுங்க' என்று சுத்தியலை நீட்டினார் ஹாலன்.
பெயின்ட் கேட்டேன்.
'இந்தச் சூட்டுக்கு ரெண்டு மாசம் நிக்காதுங்க.
அப்புறம் டெஸ்ட் பண்ணதுன்னு யாருக்குத் தெரியும்?'
பதில் தெரியாமலே மஞ்சளில் எழுதினேன்,
தண்டின் முனையில், சின்னதாக.

சாயந்தரம் ஓடவிட்டார்கள்.
ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங்கில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்து
கண்ணை மூடி நின்றார் ஹாலன், வெகுநேரம்.
பிறகு நோட்டைத் திருப்பித் தேதி எழுதினார்.
'சத்தம்' என்று எழுதினார்.
பென்சிலைத் தூக்கிக்கொண்டு
மறுபடி கேட்கப் போனார்.