பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

ஒண்டிக்கடை முக்கில் என் கடையில்
ஜெராக்ஸ் உண்டு, ரீசார்ஜ் உண்டு,
வாடகைக்கு ஒரே ஒரு புத்தகம் உண்டு:
‘ஈரச்சுவர்’ என்ற ராக் குழுவின் வாழ்க்கை வரலாறு.
முந்நூற்றுப் பத்து பக்கம், கறுப்பு அட்டை,
ஐம்பது ரூபாய் முன்பணம்.
எடுத்துப் போகிறவர்கள்
அபிப்பிராயத்தோடுதான் திருப்பித் தருகிறார்கள்.

ஓவர் என்றார் இரும்பாலையில் ஓய்வு பெற்ற கோவர்த்தனம்.
நாலு பையன்கள் மூணு வருஷம் கத்தினதுக்கு
இத்தனை காகிதமா?
ஆனாலும் இன்னொரு வாரம்
வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்
இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் ஏறி வந்து
ஒரு திருத்தம் சொன்னார்:
லியோவின் சிலுவையைச் செய்தது அவர் அப்பா.
வெள்ளி இல்லை, அலுமினியம்.
பாக்கி இருபத்தேழு ரூபாய் இன்னும் வரவில்லை.
நூலாசிரியர் அதை ‘மூதாதையர் விட்டுச்சென்ற சிலுவை’ என்கிறார்.

முகத்தில் பூசியது கருப்பூர் சுரங்கத்து
மேக்னசைட் பொடி என்கிறது ஆறாம் அத்தியாயம்.
‘வெறும் டால்கம் பவுடர்’ என்று ஓரத்தில் பென்சில்.
அதன் கீழே வேறு கையெழுத்து:
‘மேக்னசைட்தான். எனக்கும் அரித்தது.’
அதன் கீழே மூன்றாவது ஆள்:
‘நீ யார்?’

நர்ஸ் எஸ்தர் பொன்மலருக்குக் கோபம்.
சாவைப் பற்றி இத்தனை பாட்டு எழுதினவர்கள்
ஒரு சாவு வீட்டிலாவது
ஒரு குடம் தண்ணீர் தூக்கினார்களா,
அதை ஏன் கேட்கவில்லை இந்த ஆள்.

கறுப்பு நகப்பூச்சு வைத்த நிவேதினி
மாதையனின் டிரம்ஸ் பற்றி
இன்னும் நாலு பக்கம் இருந்திருக்கலாம் என்றாள்.
மாதையன் இப்போது நாகலூரில்
மிளகு பறிக்கும் ஏணிகளை வாடகைக்கு விடுகிறான்.
அவனிடம் சொன்னேன்.
அப்படியா என்றுவிட்டு
ஏணிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

எல்லோரும் ஒத்துப்போவது ஒரே இடத்தில்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் கச்சேரி.
எஸ்டேட் கிளப்பின் பழைய ஹால்,
மூடுபனி ஜன்னலேறி உள்ளே உட்கார்ந்த ராத்திரி.
லியோ மைக்கை உதட்டில் அழுத்தி
ஒரு கத்தல் கத்தினானாம், பன்னிரண்டு விநாடி.
‘ஒரு தலைமுறையின் துக்கம் ஒற்றைத் தொண்டையில்.’
உடனே விளக்குகள் அணைந்தனவாம்.
‘இருட்டே வந்து பாட்டை முடித்து வைத்தது.’
வந்தவர்கள் பதினொரு பேர் என்கிறது நூல்.
படித்தவர்களில் இருபது பேராவது
நானும் அங்கே இருந்தேன் என்கிறார்கள்.
எஸ்தர்கூட அந்தப் பக்கத்தில்
கொஞ்சம் நின்றதாகச் சொன்னார்.

டிக்கெட் கிழித்தவன் நான். ஏழு பேர்.
ஒயர் இழுத்தவனும் நான்.
எர்த் கொடுக்கவில்லை. தரையெல்லாம் ஈரம்.
அது துக்கம் இல்லை,
இருநூற்று முப்பது வோல்ட்.
கை ஒட்டிக்கொண்டு ஆடியவனைப் பார்த்து
ஏழு பேரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், ஒரு விநாடி.
பிறகுதான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

போன வியாழன் லியோ வந்தான்.
தலையில் முடி இல்லை. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி.
மெஷின் சூடாகும்வரை புத்தகத்தைக் கையிலெடுத்தான்.
அந்தப் பக்கம் தானாகவே திறந்துகொள்ளும்,
அவ்வளவு விரல் பட்டது.
நின்றபடி படித்தான்.
கீழுதட்டின் வெள்ளைத் தழும்பு
ஒவ்வொரு வரிக்கும் அசைந்தது.

“நல்லா எழுதியிருக்கான்” என்றான்.
“ஆமா.”
“அவ்வளவு நேரமாவா கத்தினேன்?”
“இல்ல. கம்மிதான்.”

நாலு ரூபாய் கொடுத்தான்.
வாசல்வரை போய்த் திரும்பி
ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்துப்
புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.
மழைக்கு அதைச் சட்டைக்குள் செருகியது தெரிந்தது.

இன்றைக்கு ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.
வெளியே போயிருக்கிறது என்றேன்.