இமை

அங்காராவுக்குப் பஸ் ஏறப் போகையில்
பக்கத்து வீட்டு ஹுல்யா மறித்தாள்.
பல் வலி என்றேன்.
"பல்லுக்கா அவ்வளவு தூரம்?"
கடைவாய்ப் பல், வேர் ஆழம் என்றேன்.
பொய்க்கும் ஒரு வேர் வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகி மூன்று வருடம், நான்கு மாதம்.
இந்தக் கணக்கு என்னுடையதல்ல,
நாத்தனாருடையது.
ஸோங்குல்டாக்கில் நிலக்கரியை டன்னில் அளப்பார்கள்,
மருமகளை மாதத்தில்.

முதல் வருடம்
என் தலைக்கு மேல் துணி பிடித்து
உருக்கிய ஈயத்தைத் தண்ணீர்ச் சட்டியில் ஊற்றினார்கள்.
சீறி உறைந்ததை எடுத்துப் பார்த்துக்
கண்ணேறு என்றார்கள்.
எனக்கு அது கோழி ஈரல் போலத்தான் இருந்தது.
இரண்டாம் வருடம் முக்கோணமாய் மடித்த தாயத்து,
தலையணை உறைக்குள்.
அதற்கடுத்து அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கோட்டு:
"ஒரு கிளாஸ் வைன் குடியம்மா, சரியாகிவிடும்."
அவரும் படித்தவர்தான்.
குடித்தேன்.
நாக்குத் தளர்ந்தது.
மற்றது தளரவில்லை.

ஜெவ்தெத் அருகில் வருவான். எனக்கு ஆசைதான்.
இதை யாரும் நம்புவதில்லை: ஆசைதான்.
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத
அவன் கழுத்துக் கரிமணம் எனக்குப் பிடிக்கும்.
ஆனால் கடைசிக் கணத்தில்
என்னைக் கேட்காமலே என் உடம்பு
கடையைச் சாத்திவிடும்.
அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான்.
நான் கூரையில்
ஈரம் படர்ந்த திட்டுகளை எண்ணுவேன்.

காத்திருப்பு அறையில் ஆறு ஜோடிகள்.
எல்லார் முகத்திலும் பல் வலி.

டாக்டர் மெஸியெத்தின் மேசையில்
ஆறிய டீ, பாதி கடித்த சிமித் ரொட்டி.
எதையும் அவர் தணிந்த குரலில் சொல்லவில்லை.
நான் "அந்த இடம்" என்றேன்.
அவர் அதன் பெயரைச் சொன்னார்,
முழங்கை என்று சொல்வதுபோல.
பிறகு பேனாவைச் சட்டென்று
என் கண்ணை நோக்கி நீட்டினார்.
மூடிக்கொண்டேன்.
"இப்போது இமையைத் திட்டுவீர்களா?"

கண்ணை இமை காக்கும்.
காக்கிற இமைக்கு
வருவது தூசியா துணையா என்று
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
அவ்வளவுதானா?
அவ்வளவுதானா மூன்று வருடம்?

"இதற்குப் பெயர் உண்டு, வைத்தியம் உண்டு.
இந்த வாரம் நீங்கள் எட்டாவது ஆள்."
அந்த ஏழு பேரையும் எனக்குத் தெரியாது.
இருந்தாலும் நாற்காலியில்
முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

எனக்கு வீட்டுப்பாடம்:
கைக்கண்ணாடி ஒன்று. மூச்சு.
என் விரல், என் நேரம், என் கதவுத் தாழ்ப்பாள்.
ஜெவ்தெத்துக்கு ஒரு தடை:
நான் சொல்லும்வரை முயலவே கூடாது.
"கட்டிப்பிடிக்கலாமா?" என்றான்
தொப்பியைக் கையில் பிசைந்தபடி.
"அது கட்டாயம்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், போலு மலையின் பனிமூட்டத்தில்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"ராத்திரி ஷிப்டை நானாகத்தான் கேட்டு வாங்கினேன்."
தெரியும். கோபம் என்றிருந்தேன்.
"உனக்கு வலிக்குமே என்று."
பூமிக்கு அடியில் நானூறு மீட்டர்,
மேலே மலை, பக்கத்தில் வாயு.
அங்கேதான் இவனுக்குப்
பயமில்லாமல் இருந்ததாம்.

அன்றிரவு இருவரும்
விடுமுறை விட்ட பிள்ளைகளாய்த் தூங்கினோம்.
இன்னும் ஒன்றும் சரியாகவில்லை.
கண்ணாடியை இருமுறை எடுத்து
இருமுறை கவிழ்த்து வைத்தேன்.
மூன்றாம் முறை பார்த்தேன்.

துணி காயப்போடும்போது ஹுல்யா கேட்டாள்:
"பிடுங்கிவிட்டார்களா?"
இல்லை, பல முறை போகவேண்டும் என்றேன்.
வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள்.
தெருவை ஒருமுறை பார்த்தாள்.
"அந்தப் பல் டாக்டர் நம்பர்
எனக்கும் கொடேன்."

வால்நட்டை ஓட்டோடு
பல்லாலேயே உடைப்பவள் அவள்.