இந்த நான்கெல்லைக்குள்

ரத்தாட்சி வருஷம் தை மாதம்
வெட்டாற்றுத் தென்கரையில் பதினோரு வேலி நிலத்துக்குக்
கிரயப் பத்திரம் எழுதினேன்.
நாகப்பட்டினம் முழுக்க என் கையெழுத்துக்கு மதிப்பு.

வடக்கெல்லை வெட்டாறு.
தெற்கெல்லை சேரிக்குப் போகும் வரப்பு.
இந்த நான்கெல்லைக்குள்
மேல்நோக்கிய மரமும்
கீழ்நோக்கிய கிணறும்
நிதி நிட்சேபமும் வாங்குகிறவருக்கே
என்று வழக்கம்போல் எழுதி
இறகை மையில் தோய்த்தேன்.

"அப்புறம் ஆளு" என்றார் பஞ்சநதம் பிள்ளை.

அடிமை என்று எழுதக் கூடாது.
கும்பினி சட்டம் போட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது.
படியாள் என்று எழுதலாம்.
'பூர்வீகமாய் அனுபவித்து வரும் சகல பாத்தியங்களும்' என்றால்
இன்னும் நல்லது.
அதற்குள் பதினேழு பேர் படுத்துக்கொள்ளலாம்,
அஞ்சலையின் கைக்குழந்தை உட்பட.
அப்படித்தான் எழுதினேன்.

அமெரிக்கா என்றொரு தேசத்தில்
வடக்கும் தெற்கும் அடித்துக்கொள்கின்றன
என்றது மதராஸ் பத்திரிகை.
எனக்குத் தெரிந்த வடக்கும் தெற்கும்
பத்திரத்துக்குள் வருபவை, வாய் பேசாதவை.
பிள்ளைக்கு ஒரே விசாரம்:
பருத்தி மூன்று மடங்கு விலையாம்,
கோயம்புத்தூர்க் கரிசல் பொன்னாய்ப் போகிறதாம்,
நம் களியில் நெல்லை விட்டால் என்ன நிற்கும்?

செத்தவர்கள் லட்சக்கணக்கில் என்றான்
துறைமுகக் கணக்கன் அருளப்பன்.
எதற்காம்?
அடிமையை வைத்துக்கொள்ளலாமா
விட்டுவிடலாமா என்றாம்.
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார் பிள்ளை.
"எழுதத் தெரியாத பயல்கள்!"
நானும் சிரித்தேன்.
நல்ல குமாஸ்தா ஒருவன் இருந்திருந்தால்
இத்தனை பீரங்கி எதற்கு?

வேலிக்கு அந்தப்புறம்
வண்டிமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான் மூக்கன்.
அன்று பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டியபோதும்
அங்கேதான் நின்றான்.
பிள்ளை உள்ளே போனதும் கேட்டான்:

"சாமி, மரம் மேலே பாக்குது.
கிணறு கீழே பாக்குது.
நாங்க எங்கிட்டுப் பாக்குறம்னு
எழுதியிருக்கு?"

மாடு தலையை ஆட்டியது.
எனக்கு வேறு ஊர்ப் பத்திரம் ஒன்று பாக்கி இருந்தது.

குரோதன வருஷம், ஆனி.
சண்டை முடிந்ததாம்.
ஜெயித்த ஊர்களில் மணி அடித்தார்களாம்.
வெட்டாற்றில் நுரையும் சருகுமாய்ப் புதுத் தண்ணீர் வந்தது.
ஊரே மதகடியில் நின்ற அந்த ராத்திரி
மூக்கனும் அஞ்சலையும் மூன்று பிள்ளைகளும்
வரப்போடு வரப்பாய் நடந்து
துறைமுகம் வந்து சேர்ந்தார்கள்.

பினாங்குக் கப்பலுக்கு ஆள் எழுதுகிற கொட்டகையில்
நான் இருந்தேன்.
வேறு யார் இருப்பார்கள்?
என் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

'தன் மனப்பூர்வமாய்' என்று எழுதினேன்.
மூன்று வருஷம், முன்பணம் பன்னிரண்டு ரூபாய்.
அவன் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
இறகை வாங்கிக் கீறல் போட்டான்:
ஒரே கோடு,
மேலே போகிறதா கீழே வருகிறதா
இன்றைக்கும் எனக்கு விளங்காத கோடு.

எட்டாம் நாள், நிலம் வாங்கின கும்பகோணத்துக்காரர்
பதிவுக் கச்சேரிக்கு வந்து மேஜையைத் தட்டினார்.
ஐந்து தலை குறைகிறது.
பிள்ளை பத்திரத்தை அவர் பக்கம் தள்ளி
"எங்கே எழுதியிருக்கு, காட்டும்" என்றார்.
காட்ட முடியவில்லை.
எழுதாத ஆளைத் தேடித் தரச் சொல்லி
எந்தக் கோர்ட்டிலும் பிராது கொடுக்க முடியாது.
அடித்தல் திருத்தல் இல்லை என்று
அடியில் நானே எழுதியிருந்தேன்.

ஆபதுத்தாரணன் என்று எனக்குப் பெயர்.
ஆபத்தில் காப்பவன்.
அந்த ஐந்து பேரையும் நான்தான் காப்பாற்றினேன் என்று
அருளப்பனிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
அவன் கப்பல் கணக்கிலிருந்து தலை நிமிரவில்லை.

சொல்லும்போதே தெரிந்தது.
பினாங்கு ஒப்பந்தத்தின் ஆறாவது வரியை
எழுதினவனும் நான்.
அதற்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று
எனக்குத் தெரியும்.