எத்தனை கெஜம்

எக்ஸ்ரே தட்டின் மேல்
துண்டோடு வைத்தேன் நீலச்சிறகியை.
இருநூற்று நாற்பது கிராம்.
ஒரு டம்ளர் பாலின் கனம்.
கழுத்து நிற்கவில்லை.
சிறகை விரிக்க வருகிறது, மடக்க வரவில்லை.

"சுட்டுட்டானுக மேடம்" என்றார் மொக்கராசு.
வனத்துறைக் காக்கி, முழங்கால் வரைக்கும் கண்மாய்ச் சேறு.
கூத்தனேந்தலிலிருந்து தல்லாகுளம் வரை
மடியில் வைத்து டவுன்பஸ்ஸில் வந்திருக்கிறார்;
அதற்கும் டிக்கெட் போடவா என்று கேட்டாராம் கண்டக்டர்.
"விடியக்காலம் வெடிச்சத்தம் ரெண்டு கேட்டுச்சு."

திரையில் எலும்புகள் சாம்பலாய் எழுந்தன.
நடுவில் மூன்று புள்ளிகள்,
எலும்பைவிட வெள்ளை.

"ரவைதான். பன்னெண்டு போரு, ஆறாம் நம்பர்.
ஒரு தோட்டாவுக்குள்ள இருநூத்துச் சொச்சம் கெடக்கும்.
இருவது கெஜத்துல சுட்டா கறி மிஞ்சாது,
பல்லுல ஈயந்தான் கடிபடும்.
முப்பதுல சுளகு அகலத்துக்கு விரியும்.
சுளகுக்குள்ள வந்தது அங்கனயே விழுந்துரும்.
நாப்பதோட சரி.
அதத் தாண்டுனா சுளகு சல்லடையாயிரும் மேடம்,
வாத்து புகுந்து வர்ற அளவுக்குக் கண்ணு.
ரவைக்கும் தெம்பு இருக்காது,
தோலக் கீறி உள்ள போய் உக்காந்துக்கிரும்.
வாங்கிக்கிட்டே பறந்து போய்
மூணாம் நாள் கோரைக்குள்ள கெடக்கும், நரி பாத்தாத்தான் உண்டு.
அறுவது கெஜத்துல சுடுறவன்
வானத்தச் சுடுறவன்."

எத்தனை துப்பாக்கி பறிமுதல் செய்தவரோ.
சொல்லிவிட்டுக் குற்றப் படிவத்தை எடுத்தார்.
சுடப்பட்ட தூரம், தோராயமாக:
பேனா அங்கே நின்றது.

நான் இறகுகளை ஊதி ஊதிப் பிரித்தேன்.
மார்பு, முதுகு, தொடை.
துளை இல்லை. தழும்புகூட இல்லை.
வாலடியில் மட்டும் பச்சைக் கறை.
பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தேன்:
மூன்றும் அரைவைப்பைக்குள்,
மணலோடு மணலாக,
சப்பின மாத்திரை போல் ஓரம் தேய்ந்து.

"இது பட்டதில்லை. தின்றது."

பல் இல்லாத வாய். விதை அரைக்கக் கல் வேண்டும்.
சேற்றில் அலகு விட்டு அரிக்கையில்
கல்லென்று நினைத்ததோ, கோரை விதையென்றோ.

எவனோ ஒருவன்,
என்றோ ஒரு தை மாத இருட்டில்
வானத்தைச் சுட்டிருக்கிறான்.
ஒன்றும் விழவில்லை. கூட்டம் முழுதாய்ப் போயிற்று.
தோட்டா விலையைச் சொல்லித் திட்டிக்கொண்டே
வீட்டுக்கு நடந்திருப்பான்.
ரவை மட்டும் தூறல் மாதிரி நீரில் இறங்கியது.
பிறகு கண்மாய் வற்றியது. பையன்கள் ஸ்டம்ப் நட்டார்கள்.
டிராக்டர் வந்து வண்டல் அள்ளியது.
வைகைத் தண்ணீர் வந்தது, வராமலும் போனது.
இந்தப் பறவை அப்போது முட்டையாகக்கூட இல்லை.

"அப்ப நான் கேட்ட வெடி?"
"இன்றைக்கு முகூர்த்தம்."
அவர் சிரிக்கவில்லை.

மெல்லிய குழாயை இறக்கி
இளஞ்சூட்டு நீர் விட்டுக் கழுவினேன்.
எவர்சில்வர் கிண்ணத்தில்
ணங் என்று ஒன்று.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
மூன்றாவது வரவில்லை.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார் மொக்கராசு.
"தேஞ்சும் கனமாத்தான் இருக்கு."
பறவை ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தது.
படிவத்தில் தூரத்தை விட்டுவிட்டு
அடுத்த கட்டத்துக்குப் போனவர்
தலை தூக்கிக் கேட்டார்,
"குற்றம் நடந்த தேதின்னு என்னத்தப் போட?"