ஆணி

லாரியில் வந்து இறங்கியது ராட்டினம்.
சிவப்பு, மஞ்சள், நடுவில் ஒரு குழாய்.
பிள்ளைகள் சுற்றினால் தண்ணீர் ஏறும்,
கரண்ட் வேண்டாம் டீசல் வேண்டாம் என்றார்
நாகப்பட்டினத்திலிருந்து வந்த பொறியாளர்.
அன்றைக்குக் கேசரி கொடுத்தார்கள்.
சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

நாற்பது சுற்றுக்கு ஒரு குடம்.
இது என் கணக்கு.
அவர்கள் புத்தகத்தில் இருப்பது வேறு.

காவிரி எங்கள் தெரு வரைக்கும் வருவதற்குள்
அதன் பேர் மட்டும்தான் மிஞ்சும்.
மணலுக்குக் கீழே பதினெட்டு அடி
மழை போட்டுவைத்த தண்ணீர்.
அதற்கும் கீழே கடல்.
பாலின்மேல் ஏடு மாதிரி
உப்பின்மேல் மிதக்கிறது எங்கள் குடிதண்ணீர்.
பையப் பைய எடுத்தால் ஏடு வரும்.

ராட்டினத்தில் ஏறிவிட்ட பிள்ளையிடம்
பையப் பைய என்று யார் சொல்வது?

முழுப்பரீட்சை முடிந்த வாரம்
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சுற்றினார்கள்.
தொட்டி வழிந்தது. வழிந்ததை ஆடு குடித்தது.
நாலாம் நாள் ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
ஐந்தாம் நாள் தையல்நாயகி
ஒரு கிண்ணம் சோற்றை என் முன்னால் வைத்தாள்.
"உப்பு போடலை" என்றாள். அவ்வளவுதான்.
தின்று பார்த்தேன்.

சங்கிலி எண்பது ரூபாய். பூட்டு தனி.
காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை.
வைகாசியில் ஒரு மழை விழுந்தது,
தண்ணீர் முனகிக்கொண்டே பழைய ருசிக்குத் திரும்பியது.
பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை.
விசில் ஊதினால் ஏறினார்கள்,
ஊதினால் இறங்கினார்கள்.
அன்சாரி மகன் கேட்டான்:
"நாளைக்கு வரலேன்னா சம்பளம் புடிப்பியா மாமா?"

அவர்கள் வராத நாளில் பெண்கள் தள்ளினார்கள்,
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு,
சாலையில் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
வேலைக்குக் கூச்சப்படாதவர்கள்தான்.
பொம்மை மாதிரி ஒன்றில் வேலை செய்வதற்குத்தான் கூச்சம்.

ஒருநாள் கிரீஸ் போட மூடியைத் திறந்தேன்.
சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பிடித்தபடி
கட்டைவிரல் பருமனில் ஓர் ஆணி.

ஞாயிற்றுக்கிழமை
தொட்டி பாதி இருந்தது, அது போதும்.
ஆணியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சங்கிலியை அவிழ்த்தேன்.
பழக்கத்தில் மூச்சடக்கித் தள்ளினான் அன்சாரி மகன்.
தள்ளின வேகத்தில் குப்புற விழப் பார்த்தான்.
பாரமே இல்லை.
மஞ்சளும் சிவப்பும் ஒரே நிறமாகி
வெண்மதியின் ஒரு செருப்பு
வேலி தாண்டிப் பறந்தது.
விசில் என் கையில்தான் இருந்தது.

படிவத்தில் அன்றைய தேதிக்கு எழுதினேன்:
பூஜ்ஜியம் லிட்டர்.
காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

குடத்தோடு வந்த தையல்நாயகி
சொட்டாத குழாயைப் பார்த்தாள்.
கனத்துத் தொங்கும் என் சட்டைப்பையைப் பார்த்தாள்.
குடத்தை மணலில் கவிழ்த்துவிட்டு
வரிசையில் கடைசியாகப் போய்
நின்றாள்.