இரண்டு பெட்டிகள்

நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர் என்றாள் டாக்டர் ஒயார்சுன்.
அளவு நாடாவைச் சுருட்டியபடி
என்னைப் பார்க்கவில்லை,
உன்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷம்
ஒரே பெட்டிக்குள் வேலை பார்த்தவர்கள் நாம், தொப்பையே.
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து குன்றின் தலைக்கு
கம்பி இழுக்க, சாய்ந்தபடி ஏறும் மரப்பெட்டி.
நெம்புகோல் என் கையில்.
நெம்புகோலுக்கும் எனக்கும் நடுவில் நீ.
சில்லறையை உன்மேல் அடுக்கித்தான் எண்ணுவேன்.
ஒரு காசுகூட உருண்டு விழுந்ததில்லை.

"பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறதே,
ஏறினால் என்ன?" என்றாள்.
இருக்கிறது. நூற்று எழுபத்தாறு படி.
அதில் யாரும் ஏற வேண்டாம் என்றுதான்
இந்த ஊர் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

முதல் நாள் நாற்பத்தோராம் படியில்
நெஞ்சு காதுக்குள் வந்து உட்கார்ந்தது.
தெருநாய் ஒன்று என்னை முந்திப் போய்,
திரும்பிப் பார்த்து, காத்திருந்தது.
அந்த நேரம் பார்த்து
பக்கத்துத் தண்டவாளத்தில் என் பெட்டியே என்னைக் கடந்தது.
மாற்று ஆள் ஃபுவென்தால்பா மணியை அடித்தான்.
உள்ளே இருந்தவர்கள் கையசைத்தார்கள்,
கப்பலில் போகிறவனுக்கு அசைப்பதுபோல.

நான்கு மொட்டாய்ப் பிளந்து கிடக்கும் மர்ராகேத்தா ரொட்டியில்
இனி எனக்கு இரண்டு மொட்டுதான்.
மழை பெய்தாலும் பூசணி வடை கிடையாது.
பீர் ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே ஒன்று,
அதன் நுரையைக்கூட விடுவதில்லை.
ராத்திரி குளிர்பெட்டியைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் சும்மா நின்றிருக்கிறேன்.
பசி எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.
இத்தனை நாள் தெரிந்தது
சாப்பாட்டு நேரம் மட்டும்.

மூன்று வாரம் எடைக்கருவியின் முள்
நகராட்சி அலுவலகத்துக் கோப்புபோல
இருந்த இடத்தில் இருந்தது.
நாலாவது வாரம்
அறுபதாம் படிச் சுவரில் யாரோ வரைந்த நீலக் கோழியை
நிற்காமல் கடந்துவிட்டேன்.
கடந்தது தெரிந்ததும்
பயந்துபோய் நின்றேன்.

அப்புறம் பெல்ட்.
ஆணியடித்து நானே போட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றாக,
வந்த வழியே திரும்பினேன்.
கடைக்காரன் போட்டுக்கொடுத்த கடைசி ஓட்டைக்கு வந்த அன்று
நீவியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.
செப்டம்பர் பதினெட்டு, நாட்டுக்குத் திருவிழா,
வருஷம் ஒரு தடவை உடுத்தும் சிவப்புப் பாவாடை மடியில்.
கொக்கி மாட்டவில்லை.
நான் வாங்கிய கடனுக்கு
அவள் பேரில் ரசீது வந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் விட்ட இரண்டு மொட்டும் எங்கே போயிருக்கும்?
வீணாய்ப் போகக்கூடாதே என்று
அவகாடோவை மசித்துத் தடவி
மாலைத் தேநீருக்கு, தினமும்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?
ஒரு பெட்டி இறங்கினால் மற்றது ஏறும்.
ஒரே கம்பியின் இரண்டு முனை.
இருபத்திரண்டு வருஷமாய் வேறெதை ஓட்டினேன்?

இப்போது காலை ஆறு மணிக்கு அவளும் வருகிறாள்.
டாக்டரைத் திட்டி, என்னைத் திட்டி,
குன்றின்மேல் ஊரைக் கட்டியவனைத் திட்டி.
கோழிப் படம் வந்ததும் உட்கார்ந்துவிடுவாள்.
கீழே பனிமூட்டத்துக்குள்
கடல்சிங்கங்கள் குரைக்கும், எங்களைப்போலவே மூச்சு வாங்கி.

உன்னை முழுசாய்த் தொலைத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
தொண்ணூற்றொன்பதில் நிற்கிறாய்.
சட்டைக்குள் கொஞ்சம் தளர்ந்து,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி சத்தமில்லாமல்.
காசுகள் இப்போது உன்மேல் நிற்பதில்லை,
குனிந்து பொறுக்குகிறேன்.
குனிய முடிகிறது.

நேற்று நீவியா கைப்பையைத் திறந்து
ஒரு மர்ராகேத்தாவை எடுத்தாள்.
எதுவும் பேசாமல் பிய்த்தாள்.
அவளுக்கு ஒரு மொட்டு, எனக்கு ஒன்று.
மற்ற இரண்டும் அந்த நாய்க்கு.

தினமும் அப்படித்தான் போலிருக்கிறது.
அது இப்போது எங்களை முந்துவதில்லை.